நஷ்டம் வந்த வருஷத்தில்தான் வருமான வரி ரிட்டர்னைத் தேதிக்குள் போட வேண்டும்: மூலதன நஷ்டத்தை அடுத்த வருஷங்களுக்குக் கொண்டுபோவது எப்படி?

கேள்வி இதுதான். கேட்டவர் மாதச் சம்பளக்காரர். 2025-26 நிதியாண்டில், வாங்கி ஒரு வருஷம் ஆகாத பங்குகளை விற்றதில் அவருக்கு 3,10,000 ரூபாய் நஷ்டம். பழைய ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்ட் ஒன்றை விற்றதில் 90,000 ரூபாய் லாபம். கிரிப்டோவில் 40,000 ரூபாய் போயிற்று. "இதைச் சம்பளத்தில் கழிக்க முடியுமா? முடியாதென்றால் எத்தனை வருஷம் வைத்திருக்கலாம்? பங்கில் வரி எதுவும் வராததால் எப்போதும் போல ஐடிஆர்-1 போட்டால் போதும் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் பணம் போகும். ஐடிஆர்-1 போடாதீர்கள். அந்தப் படிவத்தில் நஷ்டத்தை எழுத இடமே கிடையாது. நீங்கள் போட வேண்டியது ஐடிஆர்-2, அதையும் கெடு தேதிக்குள் போட வேண்டும். சாதாரணமாக அது ஜூலை 31. அரசு தள்ளி வைத்தால் அந்தப் புதிய தேதி. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும், உண்மையிலேயே உங்கள் கையை விட்டுப் போன அந்தப் பணத்துக்குச் சட்டம் தரும் ஒரே ஆறுதலும் போய்விடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாக மற்றவர்களுக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். லாபம் வந்த வருஷம் மார்ச் மாதமே ஃபோன் செய்கிறவர்கள், நஷ்டம் வந்த வருஷம் வாயே திறப்பதில்லை. வருமானமே இல்லை, எதற்குக் கணக்கு என்ற நினைப்பு, அதோடு கொஞ்சம் கூச்சமும். 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளி விழுந்து 25,981-ல் முடிந்தது நினைவிருக்கும். அந்த வாரத்தில் பயந்துபோய் எல்லாவற்றையும் விற்ற ஓய்வுபெற்ற ஒருவர், மறு வருஷம் என்னிடம் வந்தார். விற்ற நஷ்டம் 4,20,000. பென்ஷன் மூன்று லட்சத்துக்கு உள்ளேதான் என்பதால் அந்த வருஷம் ரிட்டர்ன் போடவில்லை. கொரோனாவால் அந்த வருஷத்துக் கெடு 2021 ஜனவரி 10 வரை தள்ளிப் போயிருந்தும் போடவில்லை. பிறகு சந்தை ஏறியது, திரும்ப வாங்கி விற்றதில் 3,80,000 லாபம். பழைய நஷ்டம் கணக்கில் ஏறியிருந்தால் ஒரு பைசா வரி கிடையாது. ஏறாததால் ஐம்பதாயிரத்துக்கும் மேல் கட்டினார். அவர் மொத்தத்தில் சம்பாதிக்கவே இல்லை. இரண்டு வருஷத்தையும் சேர்த்துப் பார்த்தால் 40,000 நஷ்டம். அந்த நஷ்டத்தின் மேல் வரி.

சரி, இப்போது முறையாகப் பார்ப்போம்.

சம்பளத்தில் கழிக்க முடியாது. வருமான வரிச் சட்டம் வருமானத்தைச் சம்பளம், வீட்டுச் சொத்து, தொழில், மூலதன ஆதாயம், மற்ற வருமானம் என்று ஐந்து தலைப்புகளாகப் பிரிக்கிறது. மூலதன ஆதாயம் என்ற தலைப்பில் வரும் நஷ்டம் அந்தத் தலைப்பை விட்டு வெளியே வராது. 1961-ஆம் வருஷச் சட்டத்தில் பிரிவு 71 இதைச் சொல்கிறது. வங்கி வட்டி, வாடகை, சம்பளம் எதிலும் அதைக் கழிக்க முடியாது. அமெரிக்காவில் வருஷத்துக்கு 3,000 டாலர் வரை சம்பளம் போன்ற மற்ற வருமானத்திலும் கழிக்கலாம், மிச்சத்தை ஆயுள் முழுக்கக் கொண்டுபோகலாம். அங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். இங்கே அந்த வசதி இல்லை. இங்கே மூலதன நஷ்டத்தை மூலதன லாபத்தில்தான் கழிக்க வேண்டும், அதற்கு எட்டு வருஷம் கெடு.

அந்தத் தலைப்புக்குள்ளும் ஒரு வேலி உண்டு. நஷ்டம் குறுகிய காலமா, நீண்ட காலமா என்பதுதான் அது. பட்டியலிட்ட பங்கு, ஈக்விட்டி ஃபண்ட் போன்றவற்றை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்ட காலம். வீடு, மனை, தங்கம், பட்டியலிடாத பங்கு ஆகியவற்றுக்கு 24 மாதம். 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய கடன் பத்திர ஃபண்டுகளை எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் குறுகிய காலமாகவே எடுத்துக்கொள்வார்கள். குறுகிய கால நஷ்டத்தைக் குறுகிய கால லாபத்திலும் கழிக்கலாம், நீண்ட கால லாபத்திலும் கழிக்கலாம். நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்தில் மட்டும்தான் கழிக்கலாம். காரணம் புரிந்துகொண்டால் மறக்காது. நீண்ட கால லாபத்துக்கு வரி குறைவு. குறைந்த வரி போகும் இடத்தில் வந்த நஷ்டத்தைக் கொண்டுவந்து, அதிக வரி வர வேண்டிய லாபத்தை அழிக்க அரசு விடாது. எதிர்ப்பக்கம் போவதில் அரசுக்கு இழப்பில்லை, அதனால் அதற்குத் தடையில்லை.

சொத்து எந்த வகை என்பது இங்கே குறுக்கே வராது. வீட்டு மனை விற்ற நீண்ட கால நஷ்டத்தை மியூச்சுவல் ஃபண்டின் நீண்ட கால லாபத்தில் கழிக்கலாம். தங்கத்தில் வந்த குறுகிய கால நஷ்டத்தைப் பங்கு லாபத்தில் கழிக்கலாம். நிறையப் பேர் பங்குக்குப் பங்கு, வீட்டுக்கு வீடு என்று நினைத்துக்கொண்டு கழிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இதிலிருந்து ஒரு நடைமுறை யோசனை. நஷ்டத்தில் இருக்கும் ஒரு பங்கை எப்படியும் விற்கப் போகிறீர்கள், வாங்கிப் பதினோரு மாதம் ஆகிறது என்றால், 12 மாதம் முடிவதற்கு முன் விற்றுவிடுங்கள். அதே நஷ்டம் குறுகிய கால நஷ்டமாகப் பதிவாகும், பிற்பாடு எந்த லாபத்திலும் பயன்படும். ஒரு மாதம் தாமதித்தால் அதற்கு ஒரு கதவு மூடிவிடும். டீமேட் கணக்கில் முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கணக்கு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல தேதிகளில் வாங்கிய ஒரே பங்கில் எது விற்கப்பட்டது என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

இனி உங்கள் எண்களுக்கு வருவோம். குறுகிய கால நஷ்டம் 3,10,000. நீண்ட கால லாபம் 90,000. முதலில் அதே வருஷத்து லாபத்தில் கழித்தாக வேண்டும். அதனால் 90,000 போய், மிச்சம் 2,20,000 குறுகிய கால நஷ்டமாக அடுத்த வருஷத்துக்குப் போகும்.

இங்கே நீங்கள் கேட்கலாம்: ஈக்விட்டி ஃபண்டில் 1,25,000 வரை நீண்ட கால லாபத்துக்கு வரியே கிடையாதே, அந்த 90,000-ஐத் தொடாமல் முழு 3,10,000-ஐயும் கொண்டுபோனால் என்ன? நியாயமான கேள்வி, ஆனால் முடியாது. முதலில் நஷ்டத்தைக் கழித்து, பிறகு மிஞ்சும் லாபத்துக்குத்தான் 1,25,000 சலுகை. படிவமே அப்படித்தான் கணக்குப் போடும். வரியே வராத லாபத்தையும் நஷ்டம் தின்றுவிட்டுத்தான் அடுத்த வருஷத்துக்குப் போகும். இந்தச் சலுகையைத் தரும் பிரிவு 112ஏ வந்த நாளிலிருந்து எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. சிறு முதலீட்டாளருக்கென்று கொடுத்த சலுகையை இது பாதி பறித்துவிடுகிறது. ஆனாலும் விதி விதிதான், கணக்கை அதன்படிதான் போட வேண்டும்.

அடுத்த வருஷம், அதாவது 2026-27-ல், உங்களுக்குப் பங்கில் 70,000 குறுகிய கால லாபமும் ஈக்விட்டி ஃபண்டில் 2,00,000 நீண்ட கால லாபமும் வருவதாக வைத்துக்கொள்வோம். பழைய நஷ்டம் இல்லாவிட்டால், 70,000-க்கு 20 சதவீதம் 14,000. நீண்ட கால லாபத்தில் 1,25,000 போக 75,000-க்கு 12.5 சதவீதம் 9,375. நான்கு சதவீத செஸ் 935 சேர்த்து 24,310 கட்ட வேண்டும். கொண்டுவந்த 2,20,000 நஷ்டம் இருப்பதால், அதில் 70,000 குறுகிய கால லாபத்தை முழுக்க அழிக்கும், மிச்சம் 1,50,000 நீண்ட கால லாபத்தை 50,000 ஆகக் குறைக்கும். 50,000 சலுகைக்குள் அடங்கும். வரி பூஜ்யம்.

கவனித்தீர்களா, இதிலும் அந்த வீணடிப்பு நடந்திருக்கிறது. 2,00,000 லாபத்தில் 75,000-க்குத்தான் வரி வந்திருக்கும். ஆனால் நஷ்டத்திலிருந்து 1,50,000 செலவாகிவிட்டது. இந்த வருஷம் இவ்வளவு போதும், மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வழியில்லை. கழிக்கத் தகுந்த லாபம் இருக்கும்வரை நஷ்டம் கழிந்துகொண்டே போகும்.

இதனால்தான் ஒரு எச்சரிக்கை. வருஷா வருஷம் மார்ச்சில் 1,25,000 வரை லாபத்தை எடுத்துவிட்டு மறுபடி வாங்குங்கள், வரியில்லாமல் வாங்கிய விலை உயரும் என்ற ஆலோசனை இப்போது எங்கும் கேட்கிறது. பழைய நஷ்டம் எதுவும் இல்லாதவருக்கு அது நல்ல ஆலோசனை. கையில் கேரி ஃபார்வர்ட் நஷ்டம், அதாவது பழைய வருஷத்திலிருந்து கொண்டுவந்த நஷ்டம், வைத்திருப்பவர் அதைச் செய்தால், எடுக்கும் ஒவ்வொரு ரூபாய் லாபமும் அந்த நஷ்டத்தில் ஒரு ரூபாயைத் தின்னும். பெரிய லாபம் ஒன்று, உதாரணமாகப் பூர்வீக மனை விற்பனை, அடுத்த சில வருஷங்களில் வரும் என்று தெரிந்தால் சின்ன லாபங்களை எடுக்காமல் இருப்பதே மேல். இன்னும் நஷ்டத்தைப் பதிவு செய்யாதவர்களுக்கு வேறு வழி ஒன்று உண்டு. லாபத்தை மார்ச்சில் எடுத்து, நஷ்டத்தை ஏப்ரலில் விற்றால் இரண்டும் வேறு வேறு நிதியாண்டில் விழும். லாபம் சலுகையில் போகும், நஷ்டம் முழுசாக நிற்கும்.

எட்டு வருஷம் என்பதை எப்படி எண்ணுவது? நஷ்டம் வந்த வருஷத்தைச் சேர்க்காமல், அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து எண்ண வேண்டும். 2025-26-ல் வந்த உங்கள் நஷ்டத்துக்கு 2026-27 முதல் வருஷம், 2033-34 எட்டாவது வருஷம். 2034 மார்ச் 31-க்குள் வந்த லாபத்தில் கழிக்காத மிச்சம் அதோடு முடிந்தது. மேலே சொன்ன 2020 மார்ச் நஷ்டத்தை முறையாகப் பதிவு செய்தவர்களுக்கு 2027-28 நிதியாண்டுதான் கடைசி. அவர்கள் இப்போதே யோசிக்க வேண்டும். விலை ஏறி நிற்கும் ஏதாவதொன்றை அந்தத் தேதிக்குள் விற்று மறுபடி வாங்கினால்கூட, பழைய நஷ்டம் வீணாகாமல் வாங்கிய விலை உயர்ந்துவிடும். பல வருஷத்து நஷ்டங்கள் சேர்ந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கெடு ஓடும். அந்தந்த வருஷத்து நஷ்டம் முதலில் கழியும், அப்புறம் பழையதில் மூத்தது.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் வருஷத்துப் புதிய வருமான வரிச் சட்டம் நடப்புக்கு வந்திருப்பதால், பழைய நஷ்டமெல்லாம் போய்விட்டதா என்று சிலர் பதறுகிறார்கள். போகவில்லை. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) என்ற சொல் போய் வரி ஆண்டு என்று வந்திருக்கிறது. பழைய சட்டத்தில் பதிவான நஷ்டம் மிச்சமுள்ள வருஷங்களுக்குத் தொடரும். அதேபோல, புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் நஷ்டம் போய்விடுமா என்ற கேள்விக்கும் பதில், போகாது என்பதுதான். அங்கே 80சி, வீட்டுக் கடன் போன்றவற்றில்தான் கட்டுப்பாடு, மூலதன நஷ்டத்தை அது தொடுவதில்லை.

இப்போது தாமதத்தைப் பற்றி. இதில் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பயத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். கெடு தேதி தாண்டி டிசம்பர் 31-க்குள் தாமத ரிட்டர்ன் போட்டால், அந்த வருஷத்து நஷ்டத்தை அந்த வருஷத்து லாபத்தில் கழிப்பதில் தடையில்லை. உங்கள் கணக்கில் அந்த 90,000 கழிந்துவிடும். ஆனால் மிச்சம் 2,20,000-ஐ அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக முடியாது. பழைய சட்டத்தின் பிரிவு 80-ம் 139(3)-ம் சேர்ந்து இதைச் சொல்கின்றன. மூன்றாவது, முந்தைய வருஷங்களில் தேதிக்குள் போட்டுப் பதிவான நஷ்டம், இந்த வருஷம் தாமதமானதால் அழியாது. ஒரு வருஷம் தாமதமாகிவிட்டதே, பழையதெல்லாம் போச்சே என்று மனம் உடைந்து ரிட்டர்னே போடாமல் விட்ட ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அப்படி விடவே கூடாது.

பிற்பாடு போடும் அப்டேட்டட் ரிட்டர்னில் புது நஷ்டத்தை நுழைக்க முடியாது. அது கூடுதல் வரி கட்டுவதற்கான வழி. உண்மையான காரணத்தால், பெரிய நோய், வீட்டில் சாவு போன்றவற்றால், கெடு தவறியிருந்தால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். பிரிவு 119(2)(பி)-யின் கீழ், 2024 அக்டோபர் 1-ல் வந்த சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருஷத்துக்குள் கேட்க வேண்டும். ஒரு கோடி ரூபாய் வரையிலான நஷ்டத்தை கமிஷனர் நிலையிலேயே முடிவு செய்யலாம். மருத்துவமனைக் காகிதம் போன்ற ஆதாரம் கேட்பார்கள், மறந்துவிட்டேன் என்பதை ஏற்க மாட்டார்கள். வழி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன், அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

படிவத்தில் என்ன நடக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள், ஆடிட்டரிடம் கொடுத்தாலும் நீங்களே சரிபார்க்கலாம். ஐடிஆர்-2-ல் மூன்று அட்டவணைகளைப் பார்க்க வேண்டும். சிஒய்எல்ஏ என்பது இந்த வருஷத்து நஷ்டம் இந்த வருஷத்து வருமானத்தில் கழிவதைக் காட்டுவது. பிஎஃப்எல்ஏ என்பது முந்தைய வருஷங்களிலிருந்து வந்த நஷ்டம் இந்த வருஷம் கழிவது. சிஎஃப்எல் என்பது அடுத்த வருஷத்துக்குப் போகும் மிச்சம். சிஎஃப்எல்லில் ஒவ்வொரு பழைய வருஷத்துக்கும் எதிரில், அந்த வருஷம் ரிட்டர்ன் போட்ட தேதியையும், குறுகிய கால, நீண்ட கால நஷ்டத்தைத் தனித்தனியாகவும் எழுத வேண்டும். தேதியைத் தப்பாக எழுதி, கெடு தாண்டிய ரிட்டர்ன் என்று கணினி எடுத்துக்கொண்டு நஷ்டத்தைத் தள்ளிவிட்ட கேஸ்கள் உண்டு. அப்புறம் திருத்துவதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

ரிட்டர்ன் போட்டதும் வேலை முடிந்துவிட்டது என்று இருக்காதீர்கள். சில வாரங்களில் பிரிவு 143(1) அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். கட்ட வேண்டியது பூஜ்யம், திரும்பக் கிடைப்பது பூஜ்யம் என்று மேலே பார்த்துவிட்டு எல்லோரும் மூடிவிடுகிறார்கள். உள்ளே போய், கொண்டுபோகும் நஷ்டம் நீங்கள் எழுதிய 2,20,000 தானா என்று பாருங்கள். குறைந்திருந்தால் உடனே திருத்தம் கேளுங்கள். இந்த அறிவிப்புகளையும், புரோக்கர் தரும் வரி அறிக்கையையும், வாங்கிய விற்ற கான்ட்ராக்ட் நோட்டுகளையும் எட்டு வருஷத்துக்கும் மேல் பத்திரமாக வைத்திருங்கள். 2033-ல் ஒரு அதிகாரி 2025-ல் நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்று கேட்டால், அன்றைக்கு அந்த புரோக்கர் ஆப் இருக்குமா என்பதே நிச்சயமில்லை. நஷ்டம் மிச்சமிருக்கும்வரை ஒவ்வொரு வருஷமும் ஐடிஆர்-2-ஐயே போட்டு அந்த எண்ணை அட்டவணையில் ஓட்டிக்கொண்டே வாருங்கள். நடுவில் ஒரு வருஷம் ஐடிஆர்-1 போட்டால் சங்கிலி அறுந்த மாதிரி ஆகிவிடும்.

புரோக்கர் அறிக்கையை அப்படியே நம்பவும் வேண்டாம். போனஸ் பங்குக்கு வாங்கிய விலை பூஜ்யம். கம்பெனி இரண்டாகப் பிரிந்தால் பழைய விலையும் பிரியும். வேறு டீமேட்டிலிருந்து மாற்றிய பங்குக்கு அறிக்கையில் விலை தப்பாக இருக்கலாம். பங்குப் பரிவர்த்தனை வரியைச் செலவாகக் கழிக்க முடியாது, புரோக்கரேஜைக் கழிக்கலாம். இதில் ஒன்று தவறினாலும் நஷ்டத்தைக் கூட்டிக் காட்டியது போல் ஆகும்.

எது மூலதன நஷ்டமே இல்லை என்பதும் முக்கியம். உங்கள் கிரிப்டோ 40,000 எங்கேயும் கழியாது. 2022 ஏப்ரல் 1 முதல், ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில்கூடக் கழிக்க முடியாது, கேரி ஃபார்வர்டும் கிடையாது. ஆனாலும் அந்தப் பரிவர்த்தனையை ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். ஒரே நாளில் வாங்கி விற்கும் இன்ட்ராடேயில் வந்த நஷ்டம் ஊக வணிகத் தொழில் நஷ்டம். நான்கு வருஷம்தான், அதையும் ஊக வணிக லாபத்தில்தான் கழிக்கலாம். எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) நஷ்டம் சாதாரணத் தொழில் நஷ்டம், எட்டு வருஷம் தொழில் லாபத்தில் கழிக்கலாம். இவற்றுக்கு ஐடிஆர்-3. ஒரே ஆப்பில் எல்லாம் நடப்பதால் மக்கள் எல்லாவற்றையும் 'பங்கு நஷ்டம்' என்று ஒரே எண்ணாகக் கூட்டிக் கொண்டுவருகிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

விற்காத நஷ்டமும் நஷ்டமில்லை. ஐந்து வருஷமாக வர்த்தகமே நடக்காத பங்கு டீமேட்டில் தூங்கினால், அது உங்கள் மனதில் போன பணம், சட்டத்தின் கண்ணில் இன்னும் உங்கள் சொத்து. விற்க வேண்டும், அல்லது உங்கள் உரிமை சட்டப்படி அழிய வேண்டும். கம்பெனி மூலதனத்தைக் குறைத்து உங்கள் பங்குகளை ரத்து செய்தால் அதுவும் சட்டப்படி கைமாற்றம்தான், அதில் வந்த நஷ்டம் செல்லும் என்பதை ஜூபிடர் கேபிடல் வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

நஷ்டத்துக்காகவே விற்று உடனே திரும்ப வாங்கலாமா என்று கேட்பார்கள். அமெரிக்காவில் 30 நாள் தடை உண்டு, இங்கே அப்படி எழுதிய விதி இல்லை. ஆனால் அதே நாளில் அதே கணக்கில் விற்று வாங்கினால் அது இன்ட்ராடேயாகப் போய்விடும், டெலிவரியே நடக்காது, மூலதன நஷ்டமும் வராது. அடுத்த வேலை நாளில் வாங்குங்கள். டிவிடெண்டுக்கு வரி இல்லாதிருந்த 2020 மார்ச் வரை, டிவிடெண்ட் தேதிக்கு முன் மூன்று மாதத்துக்குள் வாங்கி, அதன்பின் மூன்று மாதத்துக்குள் நஷ்டத்தில் விற்றால், டிவிடெண்ட் அளவுக்கு அந்த நஷ்டத்தை ஏற்காமல் இருந்தார்கள். டிவிடெண்டுக்கே வரி வந்தபின் அந்தத் தடை பொருந்துவதில்லை. தெரிந்தவருக்குள் பென்னி ஸ்டாக்கை (சில ரூபாய் விலையுள்ள பங்கை) கைமாற்றி நஷ்டம் உண்டாக்குவது வேறு விஷயம், அதன் பக்கமே போகாதீர்கள்.

2024 அக்டோபருக்குப் பிறகும் 2025-26-லும் கம்பெனி தன் பங்கைத் தானே திரும்ப வாங்கும் பைபேக்கில் பங்கைக் கொடுத்தவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். அப்போது வந்த தொகை முழுவதையும் டிவிடெண்டாக எடுத்து வரி போட்டார்கள். அதற்கு ஈடாக, விற்ற விலை பூஜ்யம் என்று வைத்து, நீங்கள் வாங்கிய விலை முழுவதும் மூலதன நஷ்டமாகும். டிவிடெண்ட் வரியைக் கட்டிவிட்டு இந்த நஷ்டத்தைக் காட்டாமல் விட்டால் இரண்டு பக்கமும் அடி. உங்கள் பட்டியலில் பைபேக் எதுவும் இருந்ததா என்று பாருங்கள்.

வீடு விற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015-ல் பதிவுச் செலவோடு 52 லட்சத்துக்கு வாங்கிய ஃபிளாட்டை 2025 நவம்பரில் 58 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். விலைவாசிக் குறியீடு 254-லிருந்து 376 ஆகியிருப்பதால், பழைய முறையில், அதாவது வாங்கிய விலையை அந்தக் குறியீட்டால் உயர்த்திப் பார்க்கும் முறையில், வாங்கிய விலை ஏறக்குறைய 77 லட்சம், 19 லட்சம் நீண்ட கால நஷ்டம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்துக்கு, இந்தியாவில் வசிப்பவர் பழைய முறையில் கணக்குப் போட்டுப் பார்த்து வரியைக் குறைத்துக்கொள்ளலாம், இவருக்கு வரி வராது. ஆனால் அந்தச் சலுகை வரியைக் குறைப்பதோடு நின்றுவிடுகிறது. குறியீட்டால் வந்த அந்த 19 லட்சத்தை நஷ்டமாகக் கொண்டுபோக முடியாது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு ஊரில் வீடு விற்கும் நம்மவர்களுக்கு, வசிப்பு அந்தஸ்து இல்லாததால், அந்தப் பழைய முறைச் சலுகையே கிடையாது. அவர்களிடம் விற்கும்போதே பிடித்தம் செய்யும் வரியான டிடிஎஸ்ஸும் பழைய நஷ்டங்களைப் பார்த்துப் பிடிப்பதில்லை, ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும்.

கடைசியாகக் குடும்பத்துக்குள். நஷ்டம் ஒரு பான் எண்ணோடு கட்டுப்பட்டது. அப்பா இறந்துவிட்டால் அவருடைய மூலதன நஷ்டம் பிள்ளைகளுக்கு வராது, பங்குகள் மட்டும்தான் வரும். வயதானவர்களின் பழைய நஷ்டத்தை அவர்கள் இருக்கும்போதே அவர்கள் லாபத்தில் பயன்படுத்திவிடுவது நல்லது. கணவர் கொடுத்த பணத்தில் மனைவி பெயரில் பங்கு வாங்கியிருந்தால், லாபம் கணவர் வருமானத்தில் சேர்வது போல நஷ்டமும் அவர் கணக்கில்தான் சேரும். நீங்கள் சொன்ன 3,10,000-ல் உங்கள் மனைவி கணக்கில் நடந்தது ஏதாவது இருந்தால், அது யார் பணம் என்று பார்த்துவிட்டு, இந்த வாரமே புரோக்கர் அறிக்கையை இறக்கி வைத்துக்கொண்டு ஐடிஆர்-2-ஐ ஆரம்பியுங்கள்.